நொண்டல் நின்றதும் சேணம் பூட்டாதீர்கள்

குதிரை வைத்திருப்போருக்கும் பழக்குவோருக்கும் பராமரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள குதிரை உரிமையாளர்களே, பயிற்சியாளர்களே, லாயத்திலேயே படுத்துறங்கி எழும் குதிரைக்காரர்களே,



இந்த மடல் உங்கள் எல்லோருக்குமானதுதான். ஆனாலும் காலில் கட்டுடன் ஒரு குதிரை இப்போது எவருடைய லாயத்தில் நிற்கிறதோ, அவர் முதலில் படிக்கட்டும். முன்கால் நாண் கிழிந்து ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். வீக்கம் வடிந்துவிட்டது. தடவிப் பார்த்தால் சூடு இல்லை. கொட்டடியை விட்டு வெளியே கொண்டுவந்தால் நொண்டாமல் நடக்கிறது. கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளவும் பார்க்கிறது. "அதான் சரியாயிடுச்சே, சேணம் போடலாமே" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். இன்னொருவர் அடுத்த பந்தயத் தேதியை எண்ணத் தொடங்குகிறார். கால்நடை மருத்துவர் மட்டும் இன்னும் ஒன்பது மாதம் ஆகும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

மருத்துவர் சொல்வதே சரி. நாண் கிழிந்த குதிரைகள் மீண்டும் கெடுவது பெரும்பாலும் வைத்தியம் போதாததால் அல்ல. வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளும் அவசரத்தால்தான்.

பொறுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு கதை உண்டு. கதை என்றாலும் நடந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன பள்ளத்தாக்கில் கெவன் ஃபாரெஸ்ட் என்றொரு ஊர். அங்கே தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் மது பரிமாறும் வேலை பார்த்த ஜான் வோக்ஸ் என்ற பெண்மணிக்கு ஒரு பந்தயக் குதிரையைத் தானே வளர்த்துவிட வேண்டும் என்று ஆசை. சில நூறு பவுண்டுக்கு ஒரு பெண்குதிரையை வாங்கினார். 2001இல் அது ஈன்ற குட்டிக்கு டிரீம் அலையன்ஸ் என்று பெயர். ஊர்க்காரர்கள் 23 பேர் கூட்டுச் சேர்ந்து, ஆளுக்கு வாரம் 10 பவுண்டு போட்டு அதைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காய்கறிப் பாத்தி போடும் குத்தகை நிலத்தில் வளர்ந்த அந்தக் குதிரை, சீமான்களின் குதிரைகளோடு ஓடிப் பரிசுகளும் வாங்கத் தொடங்கியது.

2008இல் எய்ன்ட்ரீ பந்தயத் திடலில் ஓட்டத்தின் நடுவே அதன் பின்கால் குளம்பு முன்காலைத் தாக்கி, நாணை வெட்டிவிட்டது. இப்படிப்பட்ட காயத்துக்கு அந்த நாட்டில் பல குதிரைகளுக்குக் கிடைக்கும் முடிவு கருணைக்கொலை. கூட்டுக்காரர்கள் அதற்கு இணங்கவில்லை. குதிரை சம்பாதித்த பரிசுப் பணத்திலிருந்தே சுமார் 20,000 பவுண்டு செலவழித்து ஸ்டெம் செல் சிகிச்சை செய்தார்கள். அதைவிடப் பெரிய செலவு ஒன்றையும் செய்தார்கள்: ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2009 டிசம்பர் 28ஆம் தேதி செப்ஸ்டோ திடலில், தடைகளைத் தாண்டி ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓட வேண்டிய வெல்ஷ் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் டிரீம் அலையன்ஸ் முதலாவதாக வந்தது.

பத்திரிகைகள் ஸ்டெம் செல்லைப் பற்றி எழுதின. பிற்பாடு படங்களும் வந்தன. அந்த ஒன்றரை வருடத்தில் குதிரையைக் கையில் பிடித்து நடத்தியவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. இந்த மடல் பேசப்போவது அந்த நடையைப் பற்றி.

முதலில் கிழிந்தது எது என்று பார்ப்போம். குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லும்படி ஏதுமில்லை. எலும்பு, நாண்கள், இணைப்பு நார்கள், மேலே தோல், அவ்வளவுதான். முழங்காலுக்கு மேலே இருக்கும் தசைகள் இழுக்க, அந்த இழுப்பைக் குளம்புவரை கொண்டுசேர்ப்பவை நாண்கள். காலின் பின்புறம் தடவினால் இரண்டு நாண்கள் தட்டுப்படும். தோலை ஒட்டி இருப்பது மேற்புற மடக்கு நாண். அதற்கு உள்ளே இருப்பது ஆழ் மடக்கு நாண். வேகமாக ஓடும் குதிரைகளுக்கு அதிகம் கிழிவது மேற்புற நாண்தான்; அதுவும் பெரும்பாலும் முன்காலில்.

கேலப்பில், அதாவது நாலுகால் பாய்ச்சலில், ஒற்றை முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அதன்மேல் இறங்குகிறது. 450 கிலோ குதிரை என்றால் ஒரு டன்னுக்கும் மேல். அந்தப் பாரத்தில் மேற்புற நாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை நீண்டு, மறுபடி சுருங்குகிறது. நீளும்போது சேமித்த விசையைச் சுருங்கும்போது திருப்பித் தருவதால்தான் குதிரையால் அவ்வளவு தூரம் களைக்காமல் ஓட முடிகிறது. ஆனால் ஆய்வகத்தில் வைத்து இழுத்தால், அதே நாண் 12 முதல் 20 சதவீத நீட்சிக்குள் அறுந்துவிடுகிறது. முழுவேகத்தில் ஓடும் குதிரை ஒவ்வோர் எட்டிலும் தன் நாணை அறுந்துபோகும் விளிம்புவரை இழுத்துத்தான் ஓடுகிறது. சூடும் ஏறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் குதிரையின் நாணுக்குள் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை போவதை பிரிட்டன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாணின் நடுப்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு. அந்தச் சூடு எளிதில் ஆறாது. கிழிசல் அடிக்கடி நாணின் நட்டநடுவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இன்னொன்றையும் உரிமையாளர்கள் மனதில் வைக்க வேண்டும். "ஒரு குழியில் கால் வைத்தது, போச்சு" என்று லாயங்களில் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தக் குழிமேல் பழி இல்லை. முழு வளர்ச்சி அடைந்த குதிரையின் நாண், தசையைப் போலப் பயிற்சியால் உரமேறுவதில்லை. வயது ஏற ஏற, ஓட்டம் சேரச் சேர, கண்ணுக்குத் தெரியாத நுண்கிழிசல்கள் உள்ளே சேர்ந்துகொண்டே வருகின்றன. வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. ஒருநாள் கெட்டித் தரையில் களைத்த கால் ஊன்றும்போது தெரிவது அதன் கடைசி வரிதான். அதனால்தான் ஒரு காலில் நாண் கிழிந்தால் மறுகாலையும் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். நொண்டாத காலிலும் தேய்மானம் தொடங்கியிருப்பது சகஜம்.

கிழிந்த நாண் எப்படி ஆறுகிறது? நல்ல நாண், முறுக்கேற்றிய தேங்காய்நார்க் கயிறு மாதிரி: இழைகள் எல்லாம் ஒரே திசையில், நெருக்கமாக. அந்த இழைகள் முதல் வகை கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கிழிந்ததும் முதல் ஒன்றிரண்டு வாரம் வீக்கமும் சூடும். செத்த இழைகளை உடல் அப்புறப்படுத்தும் காலம் அது. அப்போது சுரக்கும் நொதிகள் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் இழைகளையும் கொஞ்சம் அரித்துவிடுவதால், முதல் சில நாட்களில் கிழிசல் பெரிதாவதுகூட உண்டு. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தை உடல் அவசர அவசரமாக நிரப்புகிறது. நிரப்புவது பெரும்பாலும் மூன்றாம் வகை கொலாஜன். மெல்லியது, திசைக்கொன்றாகக் கிடப்பது. இழுவை தாங்கும் வலு அதற்கு இன்னும் வரவில்லை.

ஏழாவது எட்டாவது வாரத்தில் உங்கள் குதிரையின் காலுக்குள் இருப்பது இதுதான். நடக்கப் போதும். ஓடப் போதாது. வலி போய்விட்டதால் குதிரைக்கும் அது தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் அந்த ஒழுங்கற்ற இழைகள் மெல்ல மெல்ல முதல் வகைக்கு மாறவும், இழுவை வரும் திசையில் அணிவகுக்கவும் தொடங்குகின்றன. இந்த மாற்றம் ஒரு வருடத்தைத் தாண்டியும் நடக்கிறது. அளவான பாரம் இறங்கினால்தான் இழைகளுக்குத் திசை தெரியும். எனவே கட்டிப்போட்டே வைத்திருந்தாலும் நாண் ஒழுங்காக ஆறாது. அளவு மீறினால் புது இழைகள் பிய்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையைத்தான் மறுவாழ்வுப் பயிற்சி என்கிறோம். எவ்வளவு நன்றாக ஆறினாலும் அந்த இடம் தழும்புதான். பழைய நாணின் நெகிழ்வு முழுதாகத் திரும்புவதில்லை. நெகிழ்வு குறைந்த அந்தத் தழும்புக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள் கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டியிருப்பதால், மறுபடி கிழிவது சில நேரம் பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளியும் நிகழ்கிறது.

குதிரைக்காரர்களே, இனி உங்கள் கைக்கு வருகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியது குளிர்ச்சி, கட்டு, ஓய்வு. குளிர்ச்சி என்றால் ஐஸ். சித்திரை வைகாசியில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீரே வெதுவெதுவென்று இருக்கும். குழாயைத் திறந்து காலில் பீய்ச்சுவதால் பயன் குறைவு. ஐஸ் போட்ட தண்ணீரில் ஒருமுறைக்கு 20 முதல் 30 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நடுவில் பஞ்சு வைத்துச் சீராக அழுந்தும் கட்டு. கட்டு ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் அதுவே நாணுக்குக் கேடு. நல்ல காலுக்கும் கட்டுங்கள். பாரமெல்லாம் இப்போது அந்தப் பக்கம் சாய்கிறது. சுடுநீர் ஒத்தடம் வேண்டாம். எண்ணெய் தடவி நரம்பை உருவிவிடும் வேலை அறவே வேண்டாம். வலிக்கு மருத்துவர் தரும் பியூட்டசோன் போன்ற மருந்து வீக்கத்தைக் குறைக்கும். கூடவே வலியையும் மறைக்கும். மருந்து வேலை செய்யும்போது குதிரை காலை நன்றாக ஊன்றுவதைப் பார்த்து நடக்கவிடாதீர்கள்.

ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். காயம்பட்ட நாளிலேயே எடுத்தால் கிழிசல் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியக்கூடும். ஐந்து முதல் ஏழு நாள் கழித்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்தான் உண்மையான அளவைக் காட்டும். நாணின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு, அதில் எத்தனை பங்கு கிழிந்திருக்கிறது, இழைகள் நேராகத் தெரிகின்றனவா கலைந்து தெரிகின்றனவா என்ற மூன்றையும், இரண்டு கால்களுக்கும், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தத் தாள்தான் அளவுகோல்.

இனி நாட்காட்டி. கிழிசலின் அளவைப் பொறுத்து மருத்துவர் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஆனால் குதிரை மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் இரண்டு வாரம் கொட்டடி ஓய்வு. மூன்றாம் வாரம் கையில் பிடித்து நாளுக்கு 10 நிமிட நடை. அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், ஒன்பதாம் வாரம் 40 நிமிடம். பத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை 45 நிமிடம். மூன்று மாதமும் வெறும் நடைதான்.

பன்னிரண்டாம் வார முடிவில் மறுபடி ஸ்கேன். திருப்தியாக இருந்தால் 40 நிமிட நடையோடு 5 நிமிடம் டிராட், அதாவது மெல்லோட்டம். ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் நடையில் ஐந்து நிமிடம் குறைத்து டிராட்டில் ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். கேன்டர், அதாவது டிராட்டைவிட வேகமான மிதப் பாய்ச்சல், வருவது ஏழெட்டு மாதம் கழித்து. முழுவேக ஓட்டம், பந்தயம், தாண்டல் எல்லாம் ஏறத்தாழ 48ஆம் வாரத்துக்குப் பிறகு. பெரிய கிழிசல் என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு படியிலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். முந்தைய ஸ்கேனைவிட நாணின் குறுக்குவெட்டுப் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், கால் நொண்டாவிட்டாலும் சரி, ஏறிய படியிலிருந்து இறங்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பல குதிரைகள் தப்பிக்கும். ஏனென்றால் நாண் மறுபடி கெடத் தொடங்குவதை நொண்டலுக்கு முன்பே ஸ்கேன் சொல்லிவிடும்.

படிக்க எளிது. பத்து நிமிட நடைக்காக வெளியே வரும் குதிரை, மீதி இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடமும் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த குதிரை என்பதை மறந்துவிடக் கூடாது. ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட பிராணி அது. வாசலைத் தாண்டியதும் பின்னங்காலில் எழும், உதைக்கும், பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். மூன்று மாத உழைப்பை அந்த மூன்று நொடி அழித்துவிடும். எனவே முதல் நாட்களில் வெறும் தலைக்கயிறு போதாது. கடிவாளம் போட்டு, முடிந்தால் இரண்டு பேர் பிடித்து நடத்துங்கள். ரொம்பவும் துள்ளும் குதிரைக்கு லேசான மயக்க மருந்து தர மருத்துவரைக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமமான, கெட்டியான தரையில் நேர்க்கோட்டில் நடத்துங்கள். நீளக் கயிற்றில் கட்டி வட்டமடிக்க விடுவது இந்தக் காலத்தில் ஆகாது. "பாவம், கொஞ்சம் மைதானத்தில் அவிழ்த்துவிடுவோமே" என்ற இரக்கமும் ஆகாது. திறந்த வெளியில் அது தன் இஷ்டத்துக்கு ஓடும். உங்கள் நாட்காட்டி அதற்குத் தெரியாது.

தீனியை மாற்றுங்கள். ஓடாத குதிரைக்குப் பழையபடி கொள்ளும் ஓட்ஸும் வைத்தால் கொழுப்பும் துள்ளலும்தான் ஏறும். தானியத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை வையுங்கள். நின்ற இடத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குடல் மந்தமாகி வயிற்றுவலி வருவது சாதாரணம். தண்ணீர் குடிக்கிறதா, சாணம் போடுகிறதா என்று பார்ப்பதும் நாண் வைத்தியத்தில் சேர்ந்ததே. எட்டிப் பார்த்தால் இன்னொரு குதிரை தெரியும் கொட்டடியாக இருந்தால் நல்லது.

லாடம் அடிப்பவருக்கும் ஒரு வார்த்தை. நடக்காத குதிரைக்கும் குளம்பு வளரும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து, நாண்களில் இழுவை கூடும். அதற்காகக் குதிகாலுக்கு ஆப்பு வைத்து உயர்த்தினால் மேற்புற நாணுக்கு இதமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி உயர்த்துவது ஆழ் நாணின் பாரத்தைத்தான் குறைக்கும். மேற்புற நாணில் பாரம் கூடவே வாய்ப்பு. எந்த நாண் கிழிந்தது என்று தெரியாமல் லாடத்தை மாற்ற வேண்டாம்.

வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. உரிமையாளர்கள் அதிகம் செலவழிப்பதும், அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் குதிரையின் மார்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் சில வாரம் பெருக்கி, ஸ்கேன் பார்த்தபடியே கிழிசலுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். தழும்பு இறுகிவிடும் முன்பே செய்ய வேண்டும் என்பதால், எண்ணம் உண்டென்றால் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் பேச வேண்டும். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்று மீண்டும் முழுப் பயிற்சிக்குத் திரும்பிய 113 பந்தயக் குதிரைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி நாண் கெட்டவை சுமார் 27 சதவீதம். வேறு வகையில் சிகிச்சை பெற்ற குதிரைகளைப் பற்றி முன்பு வந்த ஆய்வுகளில் இருந்த விகிதத்தைவிட இது குறைவு. நல்ல செய்திதான். ஆனாலும் சிகிச்சை பெறாத குதிரைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. மேலும், செல் போட்ட குதிரைக்கும் ஏறத்தாழ அதே 48 வார நாட்காட்டிதான். பணம் கட்டினால் தழும்பின் தரம் உயரலாம், நாள் குறையாது. "ஊசி போட்டாச்சு, மூணு மாசத்தில ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்து ஊசியாகப் போடும் முறையும் பரவலாக நடக்கிறது. பலன் பற்றிய முடிவுகள் கலவையாக உள்ளன. லேசர், காந்தப் பட்டை போன்றவற்றுக்கு ஆதாரம் மெலிது. கையில் மிஞ்சும் பணத்தை அவற்றில் போடுவதைவிட, கூடுதலாக ஒரு ஸ்கேன் எடுப்பது மேல்.

சூடு போடுவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடும் வழக்கம் நம் நாட்டுப்புறத்தில் உண்டு. இங்கிலாந்திலும் நூற்றாண்டுகளாக இருந்தது. நாண் கிழிந்த பந்தயக் குதிரைகளின் கால்களில் வரிவரியாகச் சுட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயான் சில்வர் தலைமையில் நடந்து 1983இல் வெளியான விரிவான ஆய்வு, சூட்டினால் நாண் ஆறுவதற்கு எந்த நன்மையும் இல்லை என்று காட்டியது. சூடு போட்ட குதிரைகள் சில தேறியதற்குக் காரணம், சூட்டுப்புண் ஆறும்வரை அவற்றைப் பல மாதம் யாரும் ஓட்டாததுதான் என்று விளக்குகிறவர்கள் உண்டு. அப்படியானால் அந்த மாதங்களைக் குதிரைக்கு வலியில்லாமலே கொடுத்துவிடலாமே.

உரிமையாளர்களுக்கு இன்னும் மூன்று குதிரைகளைக் காட்ட வேண்டும்.

முதலாவது அல்டானிட்டி. இங்கிலாந்துக் குதிரை. நாண் கோளாறால் அடிக்கடி ஓய்வுக்குப் போனது. 1979 நவம்பரில் மறுபடி கால் கெட்டபோது, இனி அவ்வளவுதான் என்று பலரும் கைகழுவினார்கள். அதன் ஜாக்கி பாப் சாம்பியனும் அதே ஆண்டில்தான் புற்றுநோய் என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். அப்போது ஸ்டெம் செல் கிடையாது. சசெக்ஸில் உரிமையாளரின் பண்ணையில் மாதக்கணக்கில் கொட்டடி ஓய்வு, பிறகு நடை, பிறகு மெல்லிய வேலை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 1981 பிப்ரவரியில் அஸ்காட்டில் ஓடி வென்றது. ஏப்ரல் 4ஆம் தேதி, பதினொரு வயதில், அதே பாப் சாம்பியனைச் சுமந்து கிராண்ட் நேஷனலை வென்றது.

இரண்டாவது ஜப்பானின் கானே ஹெக்கிலி. மணல் தடத்தில் 2005இன் ஜப்பான் கப் டர்ட் பந்தயத்தை வென்ற குதிரை. 2006இல் நாண் கெட்டது. தேறி வரும்போது மறுபடி கெட்டது. ஸ்டெம் செல் சிகிச்சையும் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பந்தயமே இல்லை. 2008 நவம்பரில் திரும்பியபோது ஒன்பதாவதாக வந்தது. ஒரே மாதத்தில், டிசம்பரில், அதே ஜப்பான் கப் டர்ட்டை மீண்டும் வென்றது. ஆனால் 2010இல் நாண் மறுபடியும் கெட்டுப்போய், ஓட்டத்தை நிறுத்தினார்கள். இவ்வளவு பக்குவமாகப் பார்த்த குதிரைக்கே இதுதான் நிலைமை. ஒருமுறை கிழிந்த நாணோடு ஓடும் குதிரை, கடைசிவரை கண்காணிப்பில் இருக்க வேண்டிய குதிரை.

மூன்றாவது அமெரிக்காவின் ஐல் ஹாவ் அனதர். 2012 மே மாதத்தில் கென்டக்கி டெர்பியையும் பிரீக்னஸையும் வென்றுவிட்டது. மூன்றாவதாக பெல்மான்ட்டையும் வென்றால் மும்முடி. 1978க்குப் பிறகு அதுவரை எந்தக் குதிரைக்கும் கிட்டாதிருந்த பெருமை. பந்தயத்துக்கு முந்தின நாள், ஜூன் 8ஆம் தேதி, இடது முன்கால் நாணில் வீக்கம் தொடங்கியிருப்பது தெரிந்தது. கால் முறிந்துவிடவில்லை; நடக்க முடியாமலும் போய்விடவில்லை. ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பயிற்சியாளரும் உரிமையாளரும் குதிரையை விலக்கிக்கொண்டார்கள். ஓட்டத்திலிருந்தும் ஓய்வு கொடுத்தார்கள். அது இனப்பெருக்கப் பண்ணைக்குப் போனது. பந்தய உலகில் எடுக்கப்பட்ட நேர்மையான முடிவுகளில் அதற்கு இடம் உண்டு.

எல்லாக் குதிரையும் பந்தயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. நாணில் பாதிக்கு மேல் கிழிந்த குதிரையைப் பழைய வேகத்துக்கு இழுப்பது, இன்னொரு கிழிசலுக்கு நாள் குறிப்பதாகிவிடும். அதே குதிரை, முழு மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிறகு, ஏறிப் பழகுவோரைச் சுமந்து நடையும் டிராட்டுமாக நெடுநாள் வாழலாம். ஆனால் ஆறாத காலோடு அதைக் கைமாற்றிவிடுவது வேறு. வலிமருந்து கொடுத்து நேராக நிற்கவைத்து விற்று, வாங்கியவர் அதைக் கடற்கரைச் சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ கொண்டுபோக, கொஞ்ச நாளில் அது மூன்று காலில் நிற்பதுதான் இதன் முடிவு. காயத்தாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கால்நடை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதித் தரும் பயிற்சி அட்டவணை ஆங்கிலத்தில் உரிமையாளரின் கைக்குப் போகிறது. காலையில் குதிரையைப் பிடித்து நடத்துபவர் அதைப் பார்ப்பதே இல்லை. வாரம், நிமிடம், நடையா டிராட்டா என்ற மூன்றையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, கொட்டடிக் கதவில் மாட்டச் சொல்லுங்கள். தினமும் காலையில் நடைக்கு முன் இரண்டு முன்கால்களையும் தடவிப் பார்த்து, சூடும் வீக்கமும் உண்டா இல்லையா என்று குதிரைக்காரர் அதே அட்டையில் குறித்துவரட்டும். தினம் தொட்ட கைக்குத் தெரியும் மாற்றம், மாதம் ஒருமுறை வருபவரின் கண்ணுக்குத் தப்பிப்போகும். குதிரைக்காரர் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால், உரிமையாளரானாலும் பயிற்சியாளரானாலும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் உரிமையாளர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். காயம்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டாம் வாரம் எந்தத் தேதியில் முடிகிறது, நாற்பத்தெட்டாம் வாரம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எண்ணி, லாயத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். முதல் தேதியின் ஸ்கேன் வரும்வரை டிராட் இல்லை. இரண்டாம் தேதிக்கு முன் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுப்பதில்லை. எவர் கேட்டாலும் அந்தத் தேதிகளை மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
குதிரைகளின் நலம் நாடும் ஓர் எழுத்தாளர்